பின் சொக்குகளும் ஒரு மணல் மூட்டையும்

அன்பு மகளே,

இந்தக் கடிதத்தை உன் கைப்பைக்குள் வைத்தது நான்தான், அம்மா இல்லை. கல்யாணத்துக்கு ஐந்து கிழமை இருக்கிற வீட்டில் அப்பா கடிதம் எழுதினால், கண்ணைக் கசக்க வைக்கப் போகிறார் என்று நீ நினைப்பாய். பயப்படாதே. நான் எழுதப் போவது உன் காரின் சொக் அப்சோபரைப் பற்றி. நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன் அறை வாசல்வரை வந்தேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். மூன்றாவது தடவை நீ, "என்னப்பா, இப்பதானே ஒங்களோட ஒக்காந்து சாப்பிட்டேன்" என்று சிரித்தாய். இது எழுதித்தான் தீர்க்க வேண்டிய விஷயம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். முப்பது வருஷம் லொறி ஸ்டியரிங் பிடித்த கையின் எழுத்து இது. கொஞ்சம் பொறுத்துப் படி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் காரைப் பார்க்க நாவலப்பிட்டியிலிருந்து ஆள் வருகிறார். பிடித்திருந்தால் அன்றைக்கே கொண்டு போய்விடுவார். "கல்யாணத்துக்குப் பொறகு குருநாகல்ல ரெண்டு சீட்டுக் கார் எதுக்குப்பா?" என்று நீ எங்களிடம் சொன்னாய். அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் கலகெதரவுக்குக் கீழே அந்த வளைவில் கார் சுற்றிய நாளிலிருந்து நீ சாவியைத் தொடவில்லை. உனக்கு ஓட்ட வராது என்று நீ நம்புகிறாய். அதனால்தான் விற்கிறாய். அப்படி உன்னை நம்ப வைத்தவன் நான். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் உன்னைப் பற்றிச் சொன்னது பொய். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். முழுக்கதையையும் முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் பாதியைச் சொன்னால் எனக்குச் சாதகமான பாதியைத்தான் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தச் சிவப்புக் காரை நீ நம் கட்டுகஸ்தோட்டை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய நாள் ஞாபகம் இருக்கிறதா? அம்மா அதை இரண்டு தரம் சுற்றி வந்து, "பின் சீட் எங்க?" என்று கேட்டாள். இல்லை என்றாய். "நாம மூணு பேரு. இவ ரெண்டு சீட்டுக் கார் வாங்கிட்டு வந்திருக்கா. யார விட்டுட்டுப் போறதா உத்தேசம்?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், ஏதோ நான் ஜப்பானில் உட்கார்ந்து அந்தக் காரைச் செய்தது போல. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டு அக்கா நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். அம்மா ஃபாதர் போன திசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெச்சிருங்க அக்கா, வண்டிக்குத்தானே" என்றாள். நாலு சக்கரத்தாலும் பழத்தை நசுக்கி, நீ என்னை முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு பேராதனைவரை போய் வந்தாய். ஏறுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, கிட்டத்தட்ட விழுந்தேன். இறங்கத்தான் முடியவில்லை. நீ ஒரு கையையும் பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் ஒரு கையையும் பிடித்து இழுத்தீர்கள். அந்த இழுப்பில் என் சட்டைப் பொத்தான் இரண்டு போனது. ஆனாலும் மகளே, வாழ்நாள் முழுக்கத் தேயிலைப் பெட்டியும் சீமெந்தும் ஏற்றித் திரிந்தவனுக்கு, தெரு அவ்வளவு பக்கத்தில், தலைக்கு மேலே கூரை இல்லாமல், மகள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போவது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அன்றைக்கு அதைச் சொல்லாமல் முழங்கால் வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச காலத்திலேயே வண்டி தளர்ந்துபோயிருப்பது உனக்குத் தெரிந்துவிட்டது. வயதான கார், கூடவே வந்த சொக்குகளும் வயதானவை. நீ ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தாய். "அப்பா, வண்டியத் தூக்கிப் புடிக்கிறது ஸ்பிரிங். அது மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்காம நிறுத்துறது சொக். நிறுத்தாட்டி சக்கரம் ரோட்ட விட்டு எந்திரிச்சிரும்." உன் கையில் இருந்தது சின்ன பட்ஜெட். அதற்குள் மூன்று வழி எழுதி வைத்திருந்தாய். பழைய சொக்கை அப்படியே விட்டுவிட்டு, காரைத் தாழ்த்துகிற குட்டை ஸ்பிரிங் மட்டும் போடுவது ஒன்று. மறை திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மலிவான செட் ஒன்றை இணையத்தில் வரவழைப்பது இன்னொன்று. கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, நாலு சக்கரத்துக்கும் நல்ல புதுச் சொக்கும், நைந்துபோன ரப்பர்களுக்குப் பதில் புது ரப்பரும் போடுவது மூன்றாவது. மூன்றாவதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாய். "ரேஸ் ஓடவா போறேன்? குருநாகலுக்கு வேலைக்குத்தானே போறேன்" என்றாய். இருபத்தாறு வயதில் கார்க்காரர்களுக்கு வராத புத்தி அது. நான் கொப்பியை மூடி உன் கையில் கொடுத்துவிட்டு, "சொக்குன்னா எல்லாம் ஒண்ணுதான் புள்ள. நான் பாத்துக்குறேன்" என்றேன்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். ஜப்பானிலிருந்து கழற்றி வருகிற பழைய சாமான் குவித்து வைத்திருக்கிற ஒரு யார்டுக்குப் போனேன். எந்த யார்டு என்று எழுத மாட்டேன், தப்பு அவர்களுடையது இல்லை. அந்த மனிதர் நாலு சொக்கை எடுத்துப் போட்டார். நான் பெரிய நிபுணன் மாதிரி ஒவ்வொன்றையும் நிலத்தில் ஊன்றி உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தேன். மெதுவாக மேலே வந்தது. லொறிக்காரன் சோதனை அவ்வளவுதான். கையால் அமுக்குகிற பாரம் என்ன, காரோடு வளைவில் விழுகிற பாரம் என்ன என்று யோசிக்கவில்லை. உன் காசில் பாதிக்கு மேல் மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமை வேறு. வீட்டுக்கு வந்து உன்னிடம் மிச்சத்தைக் கொடுத்தபோது என் முகத்தில் இருந்த சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே ஓர் அறை கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காரைக் கழுவும்போது பின்பக்கம் இடதுபுறச் சொக்கில் எண்ணெய் கசிந்திருப்பதைக் கண்டேன். துணியால் துடைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். லொறியில் சொக் வியர்த்தால் நாங்கள் கண்டுகொள்வதில்லை. அதுவும் ஒரு காரணம். உன்னிடம் சொன்னால் கொப்பியைத் திறப்பாயே என்பது இன்னொரு காரணம், அதுதான் பெரிய காரணம். அடுத்த கிழமை நீயே வந்து, "அப்பா, பின்பக்கம் துள்ளுது" என்றாய். "வெறும் வண்டி அப்படித்தான் துள்ளும்" என்று சொல்லி வைத்தேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சுமை இறக்கிவிட்டு வெறும் லொறி மழையில் மலை இறங்கும்போது பின்பக்கம் குதிக்கும். அப்போது பின் தட்டில் நாலைந்து மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டு வருவோம், லொறி பெட்டிப்பாம்பாக அடங்கி வரும். மறுநாள் நீ தூங்கி எழுவதற்கு முன் அரை மூட்டை ஆற்று மணலைக் கட்டி, உன் டிக்கியில், ஸ்பெயார் சக்கரத்துக்குப் பக்கத்தில், விரிப்புக்குக் கீழே வைத்தேன். அன்று பின்னேரம் நீ வந்து, "இப்ப பரவாயில்லப்பா, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாய். "டயருக்குக் காத்து அளவாப் புடிச்சேன்" என்றேன். மகளே, அந்த இரவு நான் ஒரு விஞ்ஞானி மாதிரி நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு அந்தக் காலை. மழை, நீ வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாய், கலகெதர தாண்டி இறக்கம். இடப்பக்கம் மண்மேடு, வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் திரும்புகிற வளைவில் மதகுக்கு மேலே தார் ஒட்டுப்போட்ட மேடு. அதில் பின்பக்கம் துள்ளி, வால் வலப்பக்கம் போய், கார் குறுக்கே திரும்பி, மூக்கு மேட்டோரத்து மழைநீர்க் கானுக்குள் இறங்கி நின்றது. உனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நீ போன் பண்ணியதும் நான் ஒரு த்ரீவீல் பிடித்துக்கொண்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் ஒரே ஜெபம்தான். நீ தேத்தண்ணீர்க் கடைக் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள், அதில் இரண்டு பேர் என்னோடு லொறி ஓட்டியவர்கள். குருநாகலிலிருந்து அன்டனும் வந்துவிட்டார். அப்போது அவர் உன் சிநேகிதர் மட்டும்தான், ஆனாலும் எனக்கு விஷயம் தெரிந்திருந்தது.

நான் செய்த முதல் வேலை, காரை இழுப்பதற்குப் பாரம் குறைக்கிறேன் என்று சொல்லி டிக்கியைத் திறந்து மணல் மூட்டையை எடுத்துத் த்ரீவீலுக்குள் வைத்தது. ஒருவரும் கேட்கவில்லை. மழையில் யார் மூட்டையைப் பார்க்கப் போகிறார்கள். திரும்பி வந்து உன் பக்கத்தில் நின்றேன். "என்னப்பா நடந்துச்சு? நான் முப்பதுலதானே வந்தேன்" என்று கேட்டாய். குற்றம் சொல்லவில்லை நீ. நிஜமாகவே என்னிடம் விடை இருக்கும் என்று கேட்டாய். என் பழைய கூட்டாளிகள் இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "மழையில முப்பதும் வேகம்தான் புள்ள. இந்த மாதிரி வண்டி எல்லாருக்கும் ஓட்ட வராது." கூட்டாளிகள் தலையாட்டினார்கள். அன்டன் மட்டும், "அங்கிள், அவ வழமையா கவனமாத்தானே ஓட்டுவா" என்று மெதுவாகச் சொன்னார். நான் காதில் விழாதது போல டயரைப் பார்க்கப் போனேன். நீ கப்பைக் கீழே வைத்துவிட்டு, "ஓமப்பா, என் பிழைதான்" என்றாய்.

அந்த மணல் பிறகு அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் போனது. அது என்னவோ செழிப்பாக வளர்ந்தது. நீ மட்டும் காலை ஐந்தரை பஸ்ஸில் நின்றுகொண்டு குருநாகலுக்குப் போகத் தொடங்கினாய். ஒரு கராஜில் முன் பம்பரையும் லைட்டையும் சரிபண்ணி, காரைக் கொண்டுவந்து தார்ப்பாயால் மூடினோம். ஆரம்பத்தில், கொஞ்ச நாளில் உன் பயம் தெளிந்துவிடும், அதன் பிறகு சத்தமில்லாமல் சொக்கை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நாள் போகப்போக வாயைத் திறப்பது கஷ்டமாகிவிட்டது. ஒரு தடவை அன்டன் தன் காரை ஓட்டச் சொல்லி உன்னிடம் சாவியை நீட்டியபோது, நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு வேணாம், நான் பக்கத்துல ஒக்காந்துக்குறேன்" என்றாய். சின்ன வயதிலிருந்து எதற்குமே பக்கத்தில் உட்கார்ந்து பழகாத பிள்ளை நீ. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அம்மாவிடம் இஞ்சித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அதுவும் பொய்.

போன மாதம் விற்கப் போகிறேன் என்று நீ சொன்ன மறுநாள், காருக்குப் பொலிஷ் போட்டு வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தார்ப்பாயை இழுத்துப் போட்டுக் காரை எடுத்தேன். கம்பளையில் ரியாஸ் பாஸ் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார், இந்த மாதிரிக் கார்களில் கைதேர்ந்தவர். போகிற வழியில் நானே முதல் தடவையாக அந்தக் காரை ஓட்டினேன் மகளே. வெயில், காய்ந்த ரோடு, இருபத்தைந்துக்கு மேலே போகவில்லை, எனக்குப் பின்னால் த்ரீவீல்காரர்கள் ஹோர்ன் அடித்துக் கும்மாளம் போட்டார்கள். அப்படியிருந்தும் பேராதனை தாண்டி ஒரு சின்ன வளைவில், ஒரு சின்னப் பள்ளத்தில், பின்பக்கம் துள்ளி அரை அடி விலகிப் போனது. ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த வண்டியைத்தான் நீ மாதக்கணக்கில் மழையிலும் பனியிலும் ஓட்டிப் போய் வந்திருக்கிறாய்.

ரியாஸ் பாஸ் காரை ஜக்கில் ஏற்றிப் பின் சொக்கைக் கழற்றி, ஒரு தரம் அமுக்கினார். அது போன இடத்திலேயே கிடந்தது, திரும்பி வரவில்லை. "அண்ணே, இது மௌத்தாப் போய் எத்தன காலமோ. மற்றப் பக்கமும் உசிரு ஊசலாடுது. இத எந்த மனிசன் பூட்டின?" என்று கேட்டார். யாரோ தெரியவில்லை, வாங்கும்போதே இருந்தது என்றேன். பிறகு பொதுவாகக் கேட்பது மாதிரி, "பின்னுக்குத் துள்ளுதுன்னு ஒருத்தர் டிக்கியில மணல் மூட்டை வெச்சா என்னாகும்?" என்று கேட்டேன். அவர் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அல்லாவே, எந்தப் பைத்தியக்காரன் அப்பிடிச் செய்வான்? லொறி ஸ்பிரிங் பாரத்துக்குன்னே செஞ்ச சாமான். இது வீட்டுப் பூன மாதிரி. மூட்டைய வெச்சா ஸ்பிரிங் அமுங்கிப் போய் உள்ளுக்கு எடமே ஈக்காது. ஒரு மேட்டுல பட்டா அடியில இடிச்சு வால் வீசும். கூட வெச்ச பாரம் வீசினத இன்னும் இழுத்துட்டுப் போகும். ஆரு ஓட்டினாலும் நிக்காது." சிரித்துக்கொண்டே சொன்னவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். உள்ளே போய் எனக்கு ஒரு தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடன் பெரியது.

அன்றைக்கு அவருடைய கராஜுக்கு, உன் கொப்பியில் இரண்டாவதாக எழுதியிருந்த மலிவு செட் பூட்டிய கார் ஒன்று வந்திருந்தது. வங்கியில் வேலை செய்கிற ஒருவருடையது. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன், பாவம், சந்தோஷமாகக் கூட்டிப் போனார். பாடசாலைக்கு முன்னாலிருக்கிற வேகத்தடையை அவர் நேரே தாண்டவில்லை, குறுக்கும் மறுக்குமாக நண்டு போல ஏறி இறங்கினார். ஒவ்வொரு குழிக்கும் என் கட்டுப்பல் மேலும் கீழும் முட்டியது. கடைசியில் கழற்றிக் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டேன். "பழகிரும் அங்கிள்" என்றார். எதற்குப் பழக வேண்டும் என்று கேட்கவில்லை. திரும்பி வந்ததும் ரியாஸ் பாஸ் எனக்குக் காட்டினார்: நம் ஊர் மழையிலும் சேற்றிலும் அந்த மறை துருப்பிடித்து இறுகிவிட்டது, இப்போது உயர்த்தவும் முடியாது தாழ்த்தவும் முடியாது. அந்த விலைக்கு, உள்ளே எண்ணெயால் துள்ளலை அடக்குகிற வேலையும் மட்டம்தான். நல்ல செட் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது உன் பட்ஜெட்டில் இல்லை. உன் முதல் வழி இன்னும் மோசம், செத்துப்போன சொக்குக்கு மேலே குட்டை ஸ்பிரிங் போட்டால் நான் வைத்த மணல் மூட்டையை நிரந்தரமாக வைத்தது போல.

ஆகவே, நீ இரண்டு கோடு இழுத்த மூன்றாவது வழிதான் சரி. உன் கொப்பி சரி, உன் அப்பா பிழை. கம்பெனி ஸ்பிரிங் நாலும் திடமாக இருக்கிறது, ரியாஸ் பாஸ் அளந்து பார்த்தார். நாலு சொக்கும் புதிதாக, ஒரே கம்பெனியில், உன் காரின் செசி நம்பர் சொல்லி எடுக்க வேண்டும். முன்னுக்கு இரண்டு இப்போது, பின்னுக்கு இரண்டு பிறகு என்று யாராவது சொன்னால் கேட்காதே. மேலே இருக்கிற ரப்பர் மவுண்ட், அடியில் இடிக்காமல் தாங்குகிற ரப்பர், சக்கரத்தைப் பிடித்திருக்கிற கைகளின் புஷ் ரப்பர்கள், இவற்றையும் கையோடு மாற்றிவிடு, திரும்பக் கழற்றினால் இரட்டை வேலை. பின் டயர் இரண்டும் காய்ந்துபோயிருக்கிறது, கண்ணுக்குப் பட்டன் கோடுகள் தெரிந்தாலும் அதை நம்பாதே. எல்லாம் முடிந்ததும் சக்கரத்தின் கோணத்தைக் கருவியில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கார் ஒரு விரல்கூடத் தாழாது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஓட்டுகிறவளுக்குத் தெரியும். நீ மூன்று வருஷத்துக்கு முன் வைத்திருந்த பட்ஜெட்டுக்குள்ளேயே இன்றைக்கும் அடக்கலாம் என்று பாஸ் சொல்கிறார், நீ கலர் கலராக ஒன்றும் கேட்காவிட்டால்.

கல்யாணக் கடிதம் என்றால் இந்த இடத்தில் அப்பா, தாம்பத்தியம் ஒரு கார், கணவன் ஸ்பிரிங், மனைவி சொக் என்று ஆரம்பிப்பார் என்று நீ எதிர்பார்ப்பாய். மாட்டேன். அன்டனுக்கும் உனக்கும் அந்த வகுப்பெல்லாம் ஃபாதர் எடுப்பார். என்னிடம் இருப்பது ஒரே ஒரு புத்திமதி, அதுவும் நான் கடைப்பிடிக்காதது. கசிவைக் கண்டால் துடைக்காதே, கூப்பிட்டுக் காட்டு. நீ செய்த தப்பாக இருந்தாலும் அன்றைக்கே காட்டு. நான் அந்தத் துணியை எடுத்த நாளில் உன்னைக் கூப்பிட்டிருந்தால் பத்து நிமிஷம் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவோடு போயிருக்கும். அம்மாவுக்கு இதைச் சொல்கிற வேலையை உனக்குத் தர மாட்டேன். இன்றைக்கு நீ போனதும் நானே சொல்லப் போகிறேன். நீ பின்னேரம் வரும்போது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தால் காரணம் புரிந்துகொள். அந்த இரண்டு கூட்டாளிகளுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். ஒருவன் சிரித்தான், மற்றவன் அந்த மணல் எத்தனை கிலோ என்று கேட்டான். அன்டனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு எதுக்கு அங்கிள், அவகிட்ட கேளுங்க" என்றார். நல்ல மாப்பிள்ளை. கேட்கிறேன், மகளே. என்னை மன்னித்துவிடு.

கார் உன்னுடையது. பிடிக்கவில்லை, இடமில்லை, வேறு தேவை இருக்கிறது என்றால் தாராளமாக விற்றுவிடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வருகிறவரிடம் பின் சொக் செத்துவிட்டது என்று மட்டும் நானே சொல்லிவிடுவேன், இன்னொரு வீட்டுப் பிள்ளை அதில் ஏறக் கூடாது. ஆனால் ஓட்ட வராது என்று நினைத்து மட்டும் விற்காதே. ஏன் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இதை நான் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, ரியாஸ் பாஸிடம்கூட.

அன்றைக்கு அன்டன் சொன்னதைக் காதில் வாங்காமல் டயரைப் பார்க்கப் போனேன் என்றேன் இல்லையா? அப்போது பள்ளத்துப் பக்கம் ரோட்டோரச் செம்மண்ணில் உன் பின் சக்கரத்தின் தடத்தைக் கண்டேன். விளிம்புக்கும் தடத்துக்கும் நடுவில் என் கையை வைத்துப் பார்த்தேன், ஒரு சாண். பிரேக்கை மிதித்துச் சக்கரம் இறுகியிருந்தால் அந்த ஈரத்தில் மண்ணை வழித்துக்கொண்டு வழுக்கிப் போயிருக்கும். அப்படி ஓர் அடையாளமும் இல்லை. டயரின் கோடுகள் ஒவ்வொன்றும் அச்சடித்தது போலப் பதிந்திருந்தன. சக்கரம் உருண்டுகொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தடம் விளிம்போரமாக ஓரடி போய், பிறகு ரோட்டைக் கடந்து மேட்டுப் பக்கம் வளைந்திருந்தது. பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை விடாமல், அவ்வளவு நேரத்துக்குள் எந்தப் பக்கம் விழலாம் என்று பார்த்து, கானைத் தேர்ந்தெடுத்து நீதான் அந்தக் காரைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாய். உனக்கே அது தெரியாது, கை செய்த வேலை. மழையில் குனிந்து நின்று அதை நான் வரி வரியாகப் படித்தேன். படித்துவிட்டு, நிமிர்ந்து வந்துதான், சொன்ன பொய்யைத் திருத்தாமல் விட்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் பிரேக்கை மிதித்திருப்பேன் மகளே. பள்ளத்துக்குள் போயிருப்பேன்.

உன் அப்பா